வீட்டுத் தூணில் கட்டிய மரம்

சகாய் நகரம்
1959 ஏப்ரல் 21

அண்ணனுக்கு நுயி வணங்கி எழுதுவது.

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். ரயிலில் உட்கார இடமில்லை, வழி முழுக்க நின்றுகொண்டே வந்தோம். ஆனாலும் மூன்று நாள் மலைக்காற்றில் இவருக்கு இருமல் பாதி குறைந்துவிட்டது. பையன்கள் இருவரும் சுகம். மாமியார்தான் நாங்கள் இல்லாத மூன்று நாளும் சரியாகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? பூ பார்க்க வந்த கூட்டம் இறங்கிய பிறகாவது அண்ணி கொஞ்சம் காலை நீட்டிப் படுத்தார்களா?

வருகிற வழியெல்லாம் இவர் நம் வீட்டைப் பற்றித்தான் பேசினார். "ஊர்ல எல்லாரும் மாடிக்கு ஏறிப் போவாங்க, உங்கண்ணன் விடுதியில மட்டும் இறங்கிப் போகணும்" என்று ஒரே சிரிப்பு. தெருவில் பார்த்தால் ஒரு தளம், உள்ளே போனால் சரிவில் கீழே இன்னும் இரண்டு தளம். மலை முகட்டில் எல்லா வீடும் அப்படித்தான் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு அது வேடிக்கையாகவே இருக்கிறது.

ஒன்று கேட்கவேண்டும். கிளம்பிய அன்று காலை கீழறைப் பக்கம் துணி எடுக்கப் போனேன். சரிவில் நிற்கும் அந்தப் பெரிய செர்ரி மரம் போன வருடத்தைவிடப் பள்ளத்துப் பக்கம் நிறையச் சாய்ந்திருக்கிறது. அடியில் மஞ்சள் காளான் கொத்துக் கொத்தாக முளைத்திருக்கிறது. மரத்திலிருந்து ஒரு வைக்கோல் வடம் வந்து நம் வீட்டுத் தூணைச் சுற்றியிருந்தது. கயோவைக் கேட்டேன். "அப்பாதான் கட்டினார். மரத்துக்கு வயசாயிடுச்சுல்ல அத்தை, கையைப் பிடிச்சுக்கிட்டா விழாது" என்றாள். அந்தத் தூண் இருக்கும் அறையில்தான் அவள் படுக்கிறாள் என்பதையும் அவளே சொன்னாள்.

ரோப் கார் வரை வந்து, "அடுத்த வருஷமும் வாங்க அத்தை" என்று கையசைத்தாள். நானும் கையசைத்தேன். வேறு விசேஷம் இல்லை.

நுயி


யோஷினோ மலை
மே 8

தங்கை நுயிக்கு ஆசிகள்.

கடிதம் கிடைத்தது. இங்கே மூவரும் சௌக்கியம். முழங்கால் படி இறங்கும்போது மட்டும் என்னைத் திட்டுகிறது. மேல் மலையில் பூ முடிந்து, இப்போது தளிர் பார்க்க வருகிற கிழவர் கூட்டம் மட்டும் இருக்கிறது. மாப்பிள்ளை இருமலுக்கு நம் மலைக் கிழங்கு மாவு அனுப்பியிருக்கிறேன். வெந்நீரில் கரைத்துக் குடிக்கச் சொல். சிரிப்பை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்.

இத்தனை ஆயிரம் பேர் மலை ஏறி வந்தார்கள். பூவைப் பார்க்காமல் வேரைப் பார்த்துவிட்டுப் போன ஒரே ஆள் நீதான்! அந்த மரம் நம்முடையதா, பிடிக்கவில்லை என்று எடுப்பதற்கு? நம் தாத்தா காலத்தில் ஒசாகா யாத்திரைக்காரர்கள் மலைத்தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு நட்ட கன்று. கிளையைத் தொட்டால் விரல் போய்விடும் என்று பயமுறுத்தித்தானே நம் இருவரையும் வளர்த்தார்கள். விழுந்த சுள்ளியைக்கூட நம் அம்மா அடுப்பில் வைத்ததில்லை.

உன் கவலைக்கும் மருந்து போட்டுவிட்டேன். வைக்கோல் வடத்தை அவிழ்த்தாயிற்று. காட்டிலிருந்து வெட்டுமரம் இறக்குகிறவர்களிடம் இரும்புக் கம்பி வடம் வாங்கி, மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, சுவரைத் துளைத்து, நடுத்தூணோடு முடுக்கி வைத்திருக்கிறேன். இனி நம் வீடு போகும் வரை அந்த மரம் போகாது.

கயோ இந்த வருடம் நன்றாக ஓடுகிறாள். வகுப்பில் பையன்களே பின்னால்தான் வருகிறார்களாம்.

கிசாபுரோ


சகாய்
மே 17

அண்ணனுக்கு வணக்கம். மாவு வந்தது, இருமலுக்கு நன்றாகக் கேட்கிறது. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை இவருக்குச் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டினேன். 'வீடு போகும் வரை மரம் போகாது' என்ற இடம் வந்ததும் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். "சிரிக்காம கேளு. மரம் போனா வீடும் சேர்ந்து போகும்னு உங்கண்ணனே எழுதிக் கொடுத்திருக்கார்" என்றார்.

அண்ணா, வைக்கோல் வடமாக இருந்தால் அறுந்தாவது போகும். இரும்பு அறுமா? மரம் சரிகிற அன்று அது நடுத்தூணைக் கையோடு இழுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கும். அந்தத் தூணின் பக்கத்தில் பிள்ளை தூங்குகிறாள்.

கொடுத்தவள் நான். உங்களுக்குப் பிள்ளை இல்லை, விடுதிக்கு வாரிசு வேண்டும், எனக்கு ஏற்கெனவே இரண்டு பையன்கள் என்று எல்லோரும் உட்கார்ந்து பேசி, ஐந்து மாதக் குழந்தையை அண்ணி மடியில் வைத்தேன். கொடுத்த பிறகு 'எப்படி வளர்க்கிறீர்கள்' என்று கேட்கக்கூடாது. ஒன்பது வருடமாகக் கேட்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவள் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. அத்தை என்று கூப்பிட்டால் 'என்னம்மா' என்று திரும்பப் பழகிவிட்டேன்.

இன்று ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளை மேல்தளத்தில் படுக்க வையுங்கள். மரத்தை என்ன செய்வது என்று நீங்களும் கோயிலும் பேசிக்கொள்ளுங்கள்.

நுயி


யோஷினோ மலை
ஜூன் 12

தங்கைக்கு.

நலம். மழை பிடித்துக்கொண்டது, துணி எதுவும் காயவில்லை. கயோவை மேலே மாற்றிவிட்டேன். மரம் நன்றாக இருக்கிறது. மாமியாரை விசாரித்ததாகச் சொல்.

கிசாபுரோ


யோஷினோ மலை
ஜூலை 4

அன்பான அத்தைக்கு,

அத்தை சுகமா? மாமா சுகமா? அண்ணன்கள் சுகமா? நான் சுகம். பென்சில் பெட்டி கிடைத்தது. மிக்க நன்றி. மூடியில் முயல் இருப்பதால் வகுப்பில் எல்லோரும் கடன் கேட்கிறார்கள். நான் தருவதில்லை.

மழை தினமும் பெய்கிறது. வெள்ளை உடை யாத்திரைக்காரர்கள் சங்கு ஊதிக்கொண்டு வருகிறார்கள். மேல் அறைகளில் அவர்கள் படுக்கிறார்கள். அதனால் நானும் அம்மாவும் கீழறையில்தான் படுக்கிறோம். அங்கே குளுமையாக இருக்கும். ஆனால் இப்போது கதவு நகர்வதில்லை. அப்பா இழைத்துக் கொடுத்தார், இரண்டு நாள் நகர்ந்தது, மறுபடி நகரவில்லை. அத்தை, ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? கோலிக்குண்டைத் தரையில் வைத்தால் யாரும் தள்ளாமலே அது சுவர்ப் பக்கம் ஓடுகிறது. அப்பாவிடம் காட்டினேன். அப்பா சிரிக்கவில்லை. "இதெல்லாம் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத" என்றார். அத்தை வீட்டு ஆள்தானே, அதனால் சொல்லலாம்.

மழை பெய்தால் தூண் முனகுகிறது. அம்மா என் காதைப் பொத்திவிடுவாள். எனக்குப் பயம் இல்லை.

தபால்தலை நானே வாங்கி நானே பெட்டியில் போடுகிறேன்.

கயோ


சகாய்
ஜூலை 8

அண்ணா,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. நீங்கள் என்று மரியாதை எழுதவும் கை வரவில்லை.

மேலே மாற்றிவிட்டேன் என்று எழுதினாயே, யாரை மாற்றினாய்? மரம் நன்றாக இருக்கிறது என்றாய். கதவு ஏன் நகரவில்லை? தரை ஏன் சாய்ந்திருக்கிறது? வீடு ஏற்கெனவே மரத்தோடு கிளம்பிவிட்டது, நீ கதவை இழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். பிள்ளை வாயை அடைத்தால் தரை நேராகிவிடுமா? பூசி மெழுகுகிற காரியமா இது? கயோவைத் திட்டாதே. அவள் கோலிக்குண்டைப் பற்றித்தான் எழுதினாள்.

கோடை விடுமுறை விட்டதும் அவளை இங்கே அனுப்பு. விடுமுறை முடிவதற்குள் மரத்தையோ கம்பியையோ எடு. இரண்டும் முடியாது என்றால் நானே வருவேன். மாமியார் விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடக்கிறார், ஒரு மணி நேரம் விட்டு நகர முடியாது. ஆனாலும் யாரையாவது காலில் விழுந்து உட்காரவைத்துவிட்டு வருவேன். வந்து அவளிடம் சொல்வேன். அத்தை இல்லை, நான் யார் என்று சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். தத்துப் பத்திரத்தில் உன் பெயர் இருக்கட்டும், பிள்ளை உயிரோடு இருக்கட்டும்.

இதை எழுதிவிட்டு அழுதேன். அழுதேன் என்பதற்காக இதைச் சும்மா மிரட்டல் என்று நினைக்காதே.

நுயி


யோஷினோ மலை
ஆகஸ்ட் 18

நுயிக்கு இசோனோ எழுதுவது. உன் மாமியார் இடுப்பு இப்போது எப்படி இருக்கிறது? இந்த வெயிலில் படுக்கையில் கிடப்பது எவ்வளவு சிரமம். உன் வீட்டுக்காரருக்கும் பையன்களுக்கும் என் விசாரிப்புகள்.

உன் கடிதத்தை உன் அண்ணன் எனக்குக் காட்டவில்லை. மூதாதையர் விளக்குத் திருநாளுக்காகச் சாமி மாடத்தைத் துடைத்தபோது பின்னால் இருந்தது. படித்தேன். ஒரு மாதம் பதிலே வராமல் நீ என்ன பாடு பட்டிருப்பாய் என்று அப்போதுதான் தெரிந்தது. படித்த அன்றே கயோவின் மெத்தையை மேலே சமையலறைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டேன், அதுவரை செய்யாதது என் தப்பு. ஆனால் நடுத்தூண் போனால் மேல் என்ன, கீழ் என்ன.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த மரத்தை வெட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மரங்களைக் கவனிக்கிற சங்கத்துப் பெரியவர்கள் மே மாதமே வந்து தட்டிப் பார்த்தார்கள். "உள்ள உளுத்துப் போச்சு கிசாபுரோ. கோயில்ல சொல்லி ஒரு பூசை போட்டு எடுத்துடலாம். சாமி ஒண்ணும் சொல்லாது" என்றார்கள். உன் அண்ணன் தலையாட்டினார். பிறகு மழை நிற்கட்டும் என்றார், அப்புறம் யாத்திரை முடியட்டும் என்றார், விளக்குத் திருநாள் கழியட்டும் என்றார். நான் கத்தினேன். அவர் குடிக்கிற ஆள் இல்லை. அன்று இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுச் சொன்னார்.

எனக்குத் தங்காமல் போன இரண்டைப் பற்றி உனக்குத் தெரியும். நீ கயோவை என் மடியில் வைத்த அன்று, நாமெல்லாம் மேலே அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தபோது, இவர் மட்டும் கீழே இறங்கிப் போனாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மரத்தடியில் நின்று சாமிக்கு வாக்குக் கொடுத்தாராம். "இந்தப் பிள்ளை எங்க வீட்ல நிலைக்கணும். நிலைச்சா இந்த மரத்துல ஒரு குச்சிகூட என் கையால போகாது" என்று. அந்த வருடம் அது அடிமரம் தெரியாமல் பூத்தது. கயோவுக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. அன்றிலிருந்து மரம் போனால் பிள்ளை போய்விடும் என்று மனதில் முடிந்து வைத்திருக்கிறார். கம்பி கட்டியது மரத்துக்காக இல்லை, நுயி.

முட்டாள்தனம் என்று நீ சொல்லலாம். நானும் சொன்னேன்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகாவது, மிச்ச விடுமுறைக்கு அவளை நான் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. இரண்டு வாரம் உன் கையால் சாப்பிடுவாள். பெற்றவள் கை என்று அவள் நாக்குக்குத் தெரிந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? பாதி அவருடைய பயம் என்றால் மீதி என்னுடையது.

இசோனோ


சகாய்
செப்டம்பர் 4

அண்ணிக்கு நுயி வணங்கி எழுதுவது. மாமியார் இப்போது சாய்ந்து உட்கார்கிறார். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு அது காரணம் இல்லை. ஐந்து முறை எழுதிக் கிழித்தேன்.

இத்தனை வருடம் உங்களைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் நல்லவர், அண்ணிதான் பிள்ளையைக் கொக்கி போட்டுப் பிடித்திருக்கிறார் என்று. மன்னித்துவிடுங்கள். நீங்கள் ஒளிக்காமல் எழுதியது போல என்னால் எழுத முடியுமா என்று பார்க்கிறேன்.

புயல் மாதம் வந்துவிட்டது. அவளை அனுப்புங்கள். மரம் போகும் வரைக்கும் இங்கே இருக்கட்டும். அவளிடம் நான் எதுவும் சொல்லமாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். என்னை முழுக்க நம்பாதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. அவள் இங்கே வந்து காலையில் எழுந்து 'பசிக்குது' என்று கேட்டால், நான் எப்படிப்பட்டவளாக ஆவேன் என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்துகொண்டே அனுப்பச் சொல்கிறேன். பிள்ளை யார் வீட்டில் இருப்பாள் என்பதை அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம். முதலில் அவள் இருக்கவேண்டும்.

நுயி


யோஷினோ மலை
செப்டம்பர் 23

தங்கைக்கு ஆசிகள். எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இசோனோ உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டாள் என்று அவளே சொன்னாள். அதைப் பற்றி நான் பேசவில்லை. உன் இஷ்டப்படியே கயோவை அனுப்புகிறேன்.

ஆனால் இந்த ஞாயிறு, இருபத்தேழாம் தேதி, பள்ளியில் விளையாட்டு விழா. ஒரு மாதமாகத் தெருவில் ஓடி ஓடிப் பழகுகிறாள். "அப்பா, நீங்க முன்னாடி வரிசையில உக்காரணும், தூங்கக்கூடாது" என்று எனக்கு உத்தரவு போட்டிருக்கிறாள். இப்போது பெட்டியைக் கட்டு என்றால் பிள்ளை முகத்தை எப்படிப் பார்ப்பது? ஞாயிறு ஓடட்டும். திங்கள் காலை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

தெற்கே கடலில் ஏதோ புயல் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். வருடா வருடம் சொல்வதுதான். ஐம்பது வருடம் நின்ற மரம் நாலு நாள் நிற்காதா?

கிசாபுரோ


சகாய்
செப்டம்பர் 29

அண்ணா, அண்ணி,

யார் கையில் இது கிடைக்கும், யார் படிப்பீர்கள் என்று தெரியாமல் எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் இங்கே ஓடுகள் பறந்தன. எங்களுக்குச் சேதம் அதிகம் இல்லை. ஆனால் பத்திரிகையைப் பார்க்க முடியவில்லை. உங்கள் பக்கத்து ஆற்றோரக் கிராமங்களில் மலை சரிந்து வீடுகளை மூடிவிட்டது என்று போட்டிருக்கிறார்கள். யோஷினோ என்ற எழுத்தைக் கண்டால் மடித்து வைக்கிறேன், மறுபடி பிரிக்கிறேன். ஊர்ப் பெயர் வருகிறது, ஆட்கள் பெயர் வரவில்லை. நேற்று திங்கள். நீ கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்ன நாள். ரயில் ஓடவில்லை என்று தெரிந்தும் ஸ்டேஷனில் போய் நின்றேன். தந்தி கொடுத்தேன், போய்ச் சேருமா என்று அவர்களுக்கே தெரியவில்லை.

நாளை விடியற்காலை இவர் கிளம்புகிறார். ரயில் போகும் வரை ரயில், அதற்கு அப்பால் நடை. இந்தக் கடிதம் அவர் பையில் இருக்கிறது. "பதில் வாங்காம திரும்ப மாட்டேன்" என்கிறார். என்ன பதில் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இருந்தால் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

நுயி


யோஷினோ மலை
அக்டோபர் 2

நுயி,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கயோ சுகம். நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். உன் வீட்டுக்காரர் சேற்றோடு சேறாக நேற்றுச் சாயங்காலம் வந்து சேர்ந்தார். வாசலில் கயோவைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், பாவம். இந்தக் கடிதத்தோடு கயோவும் வருகிறாள்.

சனிக்கிழமை மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள். விழா தள்ளிப்போய்விட்டது என்று கயோ வாசலில் நின்று காலை உதைத்து அழுதாள். சாயங்காலம் காற்று ஏறியது. தெருவில் கூரைப் பலகைகள் பறந்துகொண்டிருந்தன, வெளியே தலைகாட்ட வழியில்லை. மேல்தளத்தில் சமையலறை மூலையில் நான் கயோவைப் போர்வையில் சுற்றி வைத்திருந்தேன். கீழே தூண் முனகவில்லை, அலறியது. ஒவ்வொரு காற்றுக்கும் தரை பள்ளத்துப் பக்கம் இறங்கி ஏறியது. அலமாரியிலிருந்த பாத்திரமெல்லாம் ஒரே பக்கம் சரிந்து விழுந்தது.

உன் அண்ணன் கீழே ஓடினார். கம்பியைத் தளர்த்த அதன் முடுக்கைத் திருப்பிப் பார்த்தார். இழுத்த இழுப்பில் அது அசையவே இல்லை. மேலே வந்தார். என்னைப் பார்க்கவில்லை, கயோவைத்தான் பார்த்தார். கயோ போர்வையிலிருந்து தலையை நீட்டி, "அப்பா, அதை விட்டுடுங்கப்பா. அது போகணும்னு நினைக்குதுப்பா. போகட்டும்" என்றாள்.

அவர் ரம்பத்தை எடுத்தார். இடுப்பில் வடம் கட்டிக்கொண்டு மறுமுனையை என்னிடம் கொடுத்தார். கீழறைச் சன்னல் வழியாகச் சரிவில் இறங்கினார். கொட்டுகிற மழையில் மரத்தின் முன்னால் குனிந்து கும்பிட்டார். "மன்னிச்சுக்கோங்க" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. கம்பி சுற்றிய இடத்துக்கு மேலே அறுத்தார். நான் அந்தச் சன்னலில் நின்று வடத்தைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்த மந்திரமெல்லாம் சொன்னேன், என்ன சொன்னேன் என்று சாமிக்குத்தான் தெரியும். பாதி அறுத்தபோது மீதி தானாகப் பிளந்தது. கிளையும் இலையுமாக அவ்வளவும் பள்ளத்தில் போனது. வீடு ஒருமுறை உலுக்கிக்கொண்டு நின்றது. அதன் பிறகு காற்று எத்தனை அடித்தும் அது நகரவில்லை. அடிக்கட்டை கம்பியோடு அங்கேயே நிற்கிறது. பிளந்த மரம் அடித்து அவருக்குத் தோள் எலும்பு முறிந்திருக்கிறது. கட்டுப் போட்டாயிற்று, அதனால்தான் நான் எழுதுகிறேன்.

மறுநாள் காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை. ஒரு கையாலேயே கயோவின் பெட்டியைக் கட்டினார். என்ன செய்கிறீர்கள் என்றேன். "மரம் போச்சு. நான் சொன்ன சொல்லும் போச்சு. இனிமே அவ நம்ம பிள்ளை இல்ல இசோனோ. சாமியா வந்து எடுத்துக்கறதுக்கு முன்னாடி, பெத்தவகிட்ட நாமளே கொடுத்துடணும். அங்கயாவது நல்லா இருப்பா" என்றார். போய்விடுவாள் என்று நம்பிக்கொண்டேதான் அந்த ரம்பத்தைப் பிடித்திருக்கிறார், நுயி. அறுக்கும்போதே அவருக்கு அது தெரியும்.

பெட்டியில் குளிர்காலத் துணியும் இருக்கிறது. கயோவிடம் ஒரு வாரம் என்று சொல்லியிருக்கிறோம். வழிக்கு இலையில் சுற்றிய மீன்சோறு கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு மீன் தனியாக, சோறு தனியாகத் தின்னத்தான் பிடிக்கும். திட்டாதே, விட்டுவிடு.

என் மனதில் என்ன இருக்கிறது என்று நீ கேட்காமல் இருந்தால் நல்லது.

இசோனோ


சகாய்
அக்டோபர் 13

அண்ணனுக்கும் அண்ணிக்கும் நுயி வணங்கி எழுதுவது.

கயோ சுகம். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிறார், கயோதான் கைத்தாங்கல். இவருடைய கால் கொப்புளங்கள் ஆறிவிட்டன. அண்ணா, தோளை அசைக்காமல் வைத்திருக்கிறீர்களா? சாப்பிடுகிறீர்களா? சாப்பிடவில்லை என்று அண்ணி இன்னொரு முறை எழுதினால் நான் அங்கே வந்து ஊட்டுவேன், ஊர் சிரிக்கும்.

முதல் மூன்று நாள் நான் நல்லவளாக இல்லை. சொல்லிவிடுகிறேன். பையன்களின் துணியை ஒதுக்கி, அலமாரியில் அவளுக்கு ஒரு தட்டு காலி செய்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போய் நடுவில் சேர்த்துக்கொள்வார்களா என்றுகூடக் கேட்டுவிட்டு வந்தேன். "அண்ணன் தானா கொடுத்தார், நீ பிடுங்கலை" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்டியைத் திறந்து குளிர்காலத் துணியை எடுத்து அந்தத் தட்டில் வைத்தேன். கயோ பார்த்துவிட்டாள். "எதுக்கு அத்தை வெளிய எடுக்கறீங்க? மறுபடி மடிக்கணும்ல?" என்று அவளே எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். காலையில் எழுந்ததும் அவள் கேட்பது பசி இல்லை. "அப்பாவுக்குக் கை சரியாயிருக்குமா அத்தை? அம்மா தனியாவா தண்ணி இறைப்பாங்க?" என்பதுதான். சாயங்காலம் சந்தில் ஓடிப் பழகுகிறாள். விழா வேறு நாளில் நடக்கும் என்று அவளுக்கு உறுதி.

அண்ணா, மரம் போனால் பிள்ளை போய்விடும் என்று நினைத்தீர்கள். அந்த மரம் உங்கள் கையால் போனது உண்மைதான். பிள்ளையைக் காப்பாற்றத்தான் போனது. அதற்காகக் கோபித்துக்கொள்கிற சாமியையா நாம் சின்ன வயதில் கும்பிட்டோம்? அந்த நீல முகத்து மலைத்தெய்வம் பார்க்கத்தான் பயங்கரம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். மிச்சக் கம்பியை இந்த வாரமே அவிழ்த்துவிடுங்கள். தூணை நிமிர்த்த ஆளைக் கூப்பிடுங்கள். இதில் மட்டும் நாள் கடத்தக்கூடாது.

விளையாட்டு விழா பதினெட்டாம் தேதி ஞாயிறு என்று பள்ளியிலிருந்து அவளுக்கு அட்டை வந்துவிட்டது. சனிக்கிழமை மதிய ரயிலில் இவர் கூட்டிக்கொண்டு வருகிறார். அண்ணி ஸ்டேஷனுக்கே வந்து நில்லுங்கள், ரோப் காருக்கு மேலே காத்திருக்க வேண்டாம். நான் வரவில்லை. மாமியாரைக் காரணம் சொல்லலாம். அவள் "அம்மா" என்று உங்களை நோக்கி ஓடுவதைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை என்பதுதான் நிஜம். வசந்தத்தில் வருகிறேன், அதற்குள் வந்துவிடும்.

நேற்று குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி அவளைக் கண்டுவிட்டு, "யாரு நுயி இது? உன்னையே உரிச்சு வெச்ச மாதிரி இருக்கே!" என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டாள். கயோ என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் வாயைத் திறந்தால் போதும் அண்ணா, ஒரு வார்த்தைதான். "எங்க அண்ணன் பொண்ணு. அத்தை ஜாடை இல்லாம வேற யார் ஜாடை வரும்?" என்றேன். கயோ சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கயோவின் அத்தை,
நுயி